குவாடல்கனால்: ஒரு மண் ரன்வேக்காக ஆறு மாசம் ஏன் அடிச்சுக்கிட்டாங்க?

ராத்திரி_ஆந்தை:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுற ஒரு சந்தேகம். ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் பக்கம்னு எடுத்தாலே எங்க பாத்தாலும் மிட்வே மிட்வேன்னுதான் பேச்சு. 1942 ஜூன் 4, அந்த தீவு பக்கம் அமெரிக்காகூட நடந்த சண்டையில ஜப்பானோட நாலு கேரியர் (விமானம் தாங்கி கப்பல்) ஒரே நாள்ல தீப்பிடிச்சு போச்சு, அதோட ஜப்பான் கதை முடிஞ்சதுன்னு வீடியோ போடுறவங்க எல்லாம் அங்கயே கடைய மூடிடுறாங்க.

ஆனா அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 1943 பிப்ரவரி வரைக்கும் சாலமன் தீவுகள்ல குவாடல்கனால்னு ஒரு இடத்துல சண்டை நடந்திருக்கு, அது சின்ன சண்டையும் இல்ல, கப்பல் மேல கப்பலா முங்கி அந்த கடலுக்கே "அயர்ன்பாட்டம் சவுண்ட்"னு பேர் வந்திருக்கு, அடிமட்டம் முழுக்க இரும்புன்னு. கதை முடிஞ்ச நாடு எப்படி ஆறு மாசம் அமெரிக்காவுக்கு தண்ணி காட்டுச்சு? அதுவும் கொசுவும் சேறும் தவிர ஒண்ணுமே இல்லாத ஒரு தீவுக்காக ரெண்டு பேரும் ஏன் விடாம நின்னாங்க? தரையில அமெரிக்கா ஜெயிச்சுக்கிட்டே இருந்திருக்கு, கடல்ல ராத்திரியான அடி வாங்கிக்கிட்டே இருந்திருக்கு, அப்புறம் எப்படி மொத்தமா ஜெயிச்சாங்கன்னு எனக்கு கோர்வையா புரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க, நீளமா எழுதினாலும் படிப்பேன்.

கப்பல்பித்தன்:

அடடா, இத பத்தி பேச ஆள் கிடைக்காதான்னு இருந்தேன், மாட்டினீங்க :)

மொதல்ல மேப்ப தொறந்து பக்கத்துல வச்சுக்கோங்க. வடமேற்குல நியூ பிரிட்டன் தீவுல ரபாவுல், ஜப்பானோட பெரிய பேஸ் அதுதான். அங்கருந்து தென்கிழக்கா சாலமன் தீவுங்க ரெண்டு வரிசையா இறங்கி வரும், நடுவுல நீளமா ஒரு கடல் சந்து, அமெரிக்கக்காரங்க அத "ஸ்லாட்"னு சொல்வாங்க, அதோட கீழ் முனையில குவாடல்கனால். ரபாவுல்ல இருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், சென்னையில இருந்து மும்பைக்கு நேர்கோட்டுல பறந்தா எவ்வளவோ அவ்வளவு. இந்த தூரத்த மறக்காதீங்க, ஜப்பான் பட்ட பாடெல்லாம் இதுல இருந்துதான் வருது. ஜீரோங்கற ஜப்பான் சண்டை விமானம் ரபாவுல்ல கிளம்பி வந்து சண்டை போட்டு திரும்பி போக எட்டு மணி நேரம் கிட்ட ஆகும், வழியில அடிபட்டா இறங்க இடமில்ல. ஆகஸ்ட் 7 மொத நாளே சபுரோ சகாய்னு பேர்போன பைலட் தலையில அடிபட்டு ஒரு கண்ணு தெரியாம நாலரை மணி நேரத்துக்கு மேல ஓட்டி ரபாவுல் போய் சேந்தாரு. எல்லாருக்கும் அப்படி கைகூடுமா.

சரி அந்த தீவு எதுக்கு. 1942 மே மாசம் ஜப்பான் எதிர்கரையில இருக்குற துலாகி தீவ புடிச்சுட்டு, ஜூலையில குவாடல்கனால்ல லுங்கா முனைங்கற இடத்துல ஏர்ஃபீல்டு போட ஆரம்பிச்சாங்க. அது முடிஞ்சா அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல போற கப்பல் பாதை மேல அவன் பாம்பர் வட்டம் போடும். அதனாலதான் அவசர அவசரமா ஜெனரல் வாண்டெக்ரிஃப்ட் தலைமையில மொதலாம் மெரைன் டிவிஷன் (கடல்வழியா இறங்கி சண்டை போடுற அமெரிக்க படை) ஆகஸ்ட் 7 போய் இறங்குச்சு, அந்த தீவுல மட்டும் 11,000 பேர் கிட்ட. அங்க இருந்தவங்க பெரும்பாலும் கட்டுமான வேலைக்காரங்க, கொரியாவுல இருந்து கூட்டிட்டு வந்தவங்களும் சேத்தி, குண்டு விழுந்ததும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. அவங்க போட்டுட்டு போன ரோலர், லாரிய வச்சே மிச்ச ரன்வேய போட்டு முடிச்சு, மிட்வேல செத்த மெரைன் பைலட் லோஃப்டன் ஹெண்டர்சன் பேர அதுக்கு வச்சாங்க. ஆகஸ்ட் 20 மொத 31 விமானம் வந்து இறங்குச்சு.

நடுவுலதான் அந்த பெரிய அடி. ஆகஸ்ட் 8 ராத்திரி விடிஞ்சா 9, சாவோ தீவு சண்டை. அட்மிரல் மிகாவா ரபாவுல்ல கையில கிடைச்ச 7 க்ரூசர் (நடுத்தர போர்க்கப்பல்), 1 டெஸ்ட்ராயர் (சின்ன, வேகமான போர்க்கப்பல்) எல்லாத்தையும் சேத்துக்கிட்டு ஸ்லாட் வழியா இறங்கி வந்துட்டாரு. காவலுக்கு நின்ன அமெரிக்க டெஸ்ட்ராயர் ஒண்ணு, ரேடார் வச்சிருந்தும், பக்கத்துல போனவனையே பாக்கல. அரை மணி நேரம் மாதிரிதான் இருக்கும், நாலு ஹெவி க்ரூசர் காலி: ஆஸ்திரேலியாவோட கான்பெரா, அமெரிக்காவோட அஸ்டோரியா, குவின்சி, வின்சென்ஸ். ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. கேரியர் படைய நடத்துன அமெரிக்க அட்மிரல் ஃப்ளெட்ச்சர் தன் கேரியருங்கள 8ஆம் தேதி சாயங்காலமே கிளப்பிட்டாரு, மறுநாள் ஆள் இறக்குற கப்பலுக்கு பொறுப்பான அட்மிரல் டர்னரும் பாதி சாமான் இறக்கியும் இறக்காமலும் சரக்கு கப்பலோட கிளம்பிட்டாரு, மெரைன்காரங்க கரையில நின்னு வெறும் கடல பாத்தாங்க. அப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சாப்பாடுதான், அதுலயும் ஜப்பான்காரன் விட்டுட்டு போன அரிசிதான் கை கொடுத்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். ஹெண்டர்சன் ஃபீல்டுல விமானம் வந்து இறங்குன நாள்ல இருந்து அந்த கடலுக்கு ஷிஃப்ட் முறைல முதலாளி மாறுவாங்க. பகல் முழுக்க அமெரிக்காவோடது, எந்த ஜப்பான் கப்பல் 300 கிலோமீட்டருக்குள்ள வந்தாலும் டைவ் பாம்பர் மேல வந்து நிக்கும். பொழுது சாஞ்சா ஜப்பானோடது, ராத்திரி சண்டைக்குன்னே வருஷக்கணக்கா பயிற்சி எடுத்த கடற்படை அது. ஆனா ராத்திரில வந்து விடியறதுக்குள்ள விமானம் எட்டாத தூரத்துக்கு ஓடிடணும்னா மெதுவா போற சரக்கு கப்பல் ஒத்து வராது, டெஸ்ட்ராயர்தான் முடியும். டெஸ்ட்ராயர்ல என்ன ஏத்துவீங்க? ஒரு கப்பலுக்கு 150 ஆள் மாதிரி, கையில தூக்குற சாமான், அவ்வளவுதான். பெரிய பீரங்கி வராது, லாரி வராது, மாசக்கணக்குக்கு அரிசி வராது. இதத்தான் டோக்கியோ எக்ஸ்பிரஸ்னு அமெரிக்கக்காரங்க கிண்டலா சொன்னது, ஜப்பான் பக்கம் எலி ஓட்டம்னு சொல்லுவாங்க. ஆக ராத்திரி சண்டையில எத்தன ஜெயிச்சாலும் அந்த ரன்வே உயிரோட இருக்குற வரைக்கும் ஜப்பானால தன் ஆளுங்களுக்கு சோறு போட முடியாது. ரெண்டு பக்கமும் அந்த மண் ரோட்டுக்காக அடிச்சுக்கிட்டது இதனாலதான்.

அத அழிக்கவும் பாத்தாங்க, சும்மா இல்ல. அக்டோபர் 13 ராத்திரி கொங்கோ, ஹருணான்னு ரெண்டு பேட்டில்ஷிப் (பெரிய பீரங்கி வச்ச மிகப்பெரிய போர்க்கப்பல்) வந்து ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல 14 இன்ச் குண்டு 970க்கு மேல கொட்டுனாங்க, 90 விமானத்துல 48 நாசம், பெட்ரோல் பெரும்பாலும் எரிஞ்சு போச்சு. அப்பவும் மறுநாள் மிச்சம் இருந்தத ஒட்டு போட்டு பறக்க விட்டாங்க பாருங்க, அந்த மெக்கானிக்குங்களுக்கு கோயில் கட்டலாம்.

ரிட்டயர்டு_ஹவில்தார்:

கப்பல்பித்தன் தம்பி கடல் பக்கம் நல்லா சொல்லிட்டாரு. தரைய பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா "தரையில அமெரிக்கா ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு"ன்னு ஒரு வரியில சொன்னா அது ஏன்னு விட்டு போயிடும்.

ஜப்பான் தரைப்படை செஞ்ச மொத தப்பு எதிரி எத்தன பேருன்னு கணக்கு போட்டதுல. கர்னல் இச்சிகின்னு ஒருத்தர், அவரோட படை உண்மையில மிட்வே தீவுல இறங்கறதுக்காக கூட்டிட்டு போன படை, அங்க கேரியர் போனதும் திரும்பிட்டாங்க, அப்புறம் இங்க அனுப்பினாங்க. 2,000 பேர்தான் இருப்பான்னு மேல இருந்து சொல்லி விட்டாங்க, இருந்தது 11,000. இவரு 900 சொச்சம் ஆளோட வந்து, மிச்ச ஆளு வர்ற வரைக்கும் கூட காத்திருக்காம ஆகஸ்ட் 21 விடியறதுக்கு முன்னாடி ஆத்து மணல்திட்டு மேல நேரா மெஷின்கன் வாய்க்குள்ளயே ஓட விட்டாரு. 800 பேர் கிட்ட அங்கயே செத்தாங்க. ஒரு ஆபீசர் இப்படி செஞ்சாருன்னா எனக்கு கோவம்தான் வருது, வீரம்னு எல்லாம் சொல்ல மாட்டேன், அந்த பசங்க என்ன பாவம் பண்ணாங்க.

அந்த சண்டைக்கு முன்னாடி ஜேக்கப் வௌசான்னு அந்த தீவுக்காரர், போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ஜப்பான்காரங்க கையில மாட்டி, மரத்துல கட்டி பயோனெட்டால குத்தி செத்தான்னு விட்டுட்டு போனாங்க. கட்ட அவுத்துக்கிட்டு ரத்தம் ஒழுக வந்து மெரைன்கிட்ட தகவல் சொன்னாரு. பொழச்சும்கிட்டாரு, 1979ல பிரிட்டன் சர் பட்டம் குடுத்துச்சு. இந்த சண்டைய பத்தி பேசுறவங்க பாதி பேரு அந்த தீவுல ஜனங்க இருந்தாங்கங்கறதையே மறந்துடுறாங்க. அவங்க ஊரு, அவங்க தோட்டம், யாரோ ரெண்டு பேரு வந்து அதுல குண்டு போட்டுக்கிட்டாங்க.

அடுத்து செப்டம்பர் 12ல இருந்து 14 வரைக்கும் ஜெனரல் கவாகுச்சி. 6,000 பேர் கிட்ட இருந்தாங்க, பகல்ல தெரியாம இருக்கணும்னு காட்டு வழியா மூணு பக்கமா சுத்தி வந்தாங்க. காட்டுக்குள்ள ராத்திரில வழி தப்புனா என்ன ஆகும்னு எங்கள மாதிரி ஆளுக்கு தெரியும், பட்டாலியன் ஒண்ணு ஒரு பக்கம், இன்னொண்ணு இன்னொரு பக்கம், ஒரே நேரத்துல தாக்கவே முடியல. அப்பவும் ரன்வேக்கு தெக்க இருக்குற மேட்டுல கர்னல் எட்சனோட ஆளுங்கள பின்னுக்கு தள்ளி வாண்டெக்ரிஃப்ட் தங்கியிருந்த இடத்துக்கு பக்கத்துல வரைக்கும் வந்துட்டாங்க. மயிரிழையில தப்புனாங்கன்னு சொன்னா அது இந்த ராத்திரிக்குத்தான் பொருந்தும்.

அக்டோபர் கடைசியில ஜெனரல் மருயாமாவோட செண்டாய் டிவிஷன். இந்த தடவ காட்டுக்குள்ள ரோடே வெட்டுனாங்க, ஆளுக்கு ஒரு பீரங்கி குண்ட முதுகுல கட்டி விட்டாங்க, மழை, சேறு, வழுக்குப்பாறை, பீரங்கி எல்லாம் பாதி வழியிலயே நின்னு போச்சு. தாக்குதல் நாள ஒரு நாள் ஒரு நாளா தள்ளி வச்சாங்க, ஆத்து பக்கம் இருந்த டேங்க் படைக்கு அந்த சேதி போய் சேராம அவங்க முன்னாடியே கிளம்பி அடிவாங்கி ஒழிஞ்சாங்க. 24ஆம் தேதி ராத்திரி "ஏர்ஃபீல்டு நம்ம கையில"ன்னு ஒரு பொய் சேதி வேற போயிடுச்சு, அத நம்பி கிட்ட வந்த கப்பல்ல யுரான்னு ஒரு க்ரூசர் மறுநாள் விமானத்துக்கு பலி.

சாப்பாட்டு விஷயம்தான் கடைசில எல்லாத்தையும் தின்னுச்சு. மொத்தம் 30,000க்கு மேல அந்த தீவுல இறக்கினதுல 20,000 பேருக்கு மேல திரும்பல, அதுல பெரும்பகுதி குண்டடி பட்டு சாகல, பசி, மலேரியா, வயித்துப்போக்கு. அமெரிக்க பக்கமும் மலேரியா சும்மா விடல, டிசம்பர்ல அந்த மெரைன் டிவிஷன வெளிய எடுத்தப்ப வலைய புடிச்சு கப்பல்ல ஏற தெம்பில்லாம பல பேர தூக்கித்தான் ஏத்துனாங்க.

கல்லடிக்கரை:

நான் மட்டக்களப்பு. மிட்வே கதைக்கிற நேரம் எல்லாம் எனக்கு எங்கட கடல்தான் ஞாபகம் வரும். 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு கொழும்புக்கு குண்டு போட்டாங்க, அண்டைக்கே டோர்செட்ஷயர், கோர்ன்வால் எண்டு ரெண்டு பிரிட்டிஷ் க்ரூசரயும் முடிச்சாங்க. 9ஆம் தேதி திருகோணமலை, அதே நாள் எங்கட மட்டக்களப்புக்கு நேரே வெளிக்கடல்ல ஹெர்மிஸ் எண்ட கேரியர் தாண்டது, கப்பல்ல ஒரு விமானமும் இல்லாத நேரம், 307 பேர் செத்தாங்க. இப்பவும் அது அடியிலதான் கிடக்குது, டைவிங் போற வெளிநாட்டுக்காரங்க தேடி வாறாங்க.

அண்டைக்கு வந்த அஞ்சு கேரியர்ல அகாகி, சோர்யு, ஹிர்யு மூண்டும் ரெண்டு மாசத்துக்குள்ள மிட்வேயில தாண்டது, ஷோகாக்கு, சுய்காக்கு ரெண்டும்தான் மிஞ்சினது. அந்த ரெண்டும் பிறகு குவாடல்கனால் பக்கம் வந்துதானே சண்டை பிடிச்சது? ஏப்ரல்ல எங்கட பக்கம் போட்ட குண்டுல பத்துக்கு எட்டு விழுந்ததாம், அவ்வளவு தேர்ந்த பைலட்மார். கேள்வி கேட்ட ஆளுக்கு நான் சொல்ல வாறது, அந்த பைலட்மாருக்கு என்ன நடந்தது எண்டு பாத்தா மிட்வேயா குவாடல்கனாலா எண்டதுக்கு பதில் அதுக்குள்ளேயே இருக்கு. மிட்வேயில கப்பல் போன அளவுக்கு பைலட் போகல்ல, விமானத்துல பறந்தவங்க 110 பேர் அளவுதான் செத்தவங்க. மிச்ச ஆக்கள் காப்பாத்தப்பட்டு திரும்ப வந்து சாலமன் பக்கம் பறந்தாங்க.

கணக்கு_வாத்தி:

எல்லாரும் குவாடல்கனால் கட்சியா இருக்கீங்க, ஒரு எதிர் ஓட்டு போட்டுட்டு போறேன்.

மிட்வே நடக்கலன்னா ஆகஸ்ட்ல அந்த தீவுல இறங்கற யோசனையே அமெரிக்காவுக்கு வந்திருக்காது. ஆறு பெரிய கேரியர் ஒண்ணா சுத்திக்கிட்டு இருந்தா எவன் சரக்கு கப்பல நடுக்கடல்ல நிறுத்தி சாமான் இறக்குவான்? பைலட் 110 பேர்தான்னு சொன்னது சரி, ஆனா கப்பலுக்குள்ள இருந்த விமான மெக்கானிக்குங்க 700 பேருக்கு மேல செத்தாங்க, மொத்தமா 3,000 பேர். அந்த ஆளுங்கள ஆறு மாச கோர்ஸ்ல உருவாக்க முடியுமா என்ன.

இன்னொண்ணு, ரெண்டுமே இல்லன்னாலும் ஜப்பான் தோத்துதான் இருக்கும்ங்கறது என் கட்சி. 1940 ஜூலைலயே அமெரிக்கா கடற்படைய கிட்டத்தட்ட 70 சதவீதம் பெருசாக்குற மாதிரி சட்டம் போட்டு கப்பல் கட்ட ஆரம்பிச்சிடுச்சு. எசெக்ஸ் கேரியர் 1942 டிசம்பர் 31 படையில சேந்துச்சு, அதே வகையில 1943ல மட்டும் இன்னும் ஆறு, அதுபோக சின்ன சைஸ் கேரியர் ஒன்பது. முங்கிப்போன லெக்சிங்டன், யார்க்டவுன், ஹார்னெட், வாஸ்ப் நாலு பேரையும் புது கப்பலுக்கு வச்சு திரும்ப அனுப்பிட்டான். இப்படி ஒருத்தன்கிட்ட எந்த தீவுல மோதினா என்ன.

அதனால குவாடல்கனால பெருசு பண்றது கொஞ்சம் ஓவர். அது நீளமான சண்டை, ஒத்துக்கறேன்.

ராத்திரி_ஆந்தை:

செம்ம, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஹவில்தார் ஐயா, காட்டு ரோடு கதை புதுசு எனக்கு. கணக்கு வாத்தி சொன்ன ஃபேக்டரி கணக்கு புரியுது, ஆனா அந்த கப்பல் எல்லாம் வர்றது 1943லங்கறீங்க, 1942 அக்டோபர் நவம்பர்ல நிலைமை என்ன? அப்புறம் அமெரிக்காகிட்ட ரேடார் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, இருந்தும் ராத்திரி ஏன் அடி வாங்குனாங்க?

கப்பல்பித்தன்:

வாத்திக்கு பதில் சொல்லிட்டு ரேடாருக்கு வரேன்.

1942 கடைசில அமெரிக்கா நிலைமை பரிதாபம். ஆகஸ்ட் 31 சரடோகா டார்பிடோ வாங்கி ரிப்பேருக்கு போச்சு. செப்டம்பர் 15 ஐ-19ங்கற ஒரே நீர்மூழ்கி ஒரே தடவ விட்ட ஆறு டார்பிடோல வாஸ்ப் முங்குச்சு, நார்த் கரோலினா பேட்டில்ஷிப்புக்கு ஓட்டை, ஒரு டெஸ்ட்ராயரும் அடி வாங்கி பின்னாடி முங்குச்சு. அக்டோபர் 26 சாந்தா க்ரூஸ் சண்டையில ஹார்னெட் போச்சு, என்டர்பிரைஸுக்கு அடி. ஆக மொத்த பசிபிக்லயும் சண்டைக்கு நிக்கக்கூடிய அமெரிக்க கேரியர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஓட்டையோட. ஜப்பான்கிட்ட சுய்காக்கு கீறல் கூட படாம நின்னுச்சு. மிட்வேல கதை முடிஞ்சதுன்னா இது எப்படி?

அப்ப சுய்காக்கு ஏன் மறுநாளே வந்து முடிக்கல? கல்லடிக்கரை சொன்னதுதான். சாந்தா க்ரூஸ்ல ஜப்பான் இழந்த விமான ஆளுங்க 148 பேர், மிட்வேல போனத விட ஜாஸ்தி, அதுல ஸ்குவாட்ரன் லீடருங்க வரிசையா போயிட்டாங்க. சுய்காக்குவ பத்திரமா ஊருக்கு அனுப்ப வேண்டியதா போச்சு, ஓட்ட ஆள் இல்லாம. அதுக்கு மேல ரபாவுல்ல இருந்து தினமும் 1,000 கிலோமீட்டர் பறந்து வந்து செத்தவங்க தனி. மொத்தம் 680 விமானம் மாதிரி ஜப்பான் இந்த ஆறு மாசத்துல இழந்துச்சு. அமெரிக்காவும் 600 கிட்ட இழந்துச்சு, ஆனா அவங்க பைலட் விழுந்தா சொந்த தீவு பக்கத்துல விழுவான், கடலோர ஊர்க்காரங்க தூக்கி காப்பாத்தி அனுப்புவாங்க. வாத்தியோட எசெக்ஸ் 1943ல வந்தப்ப எதிர்ல நல்ல பைலட்டே இல்லாததுக்கு காரணம் இந்த தீவுதான்.

ரேடார். இருந்துச்சு, ஆனா அத வச்சு என்ன பண்றதுன்னு தெரிஞ்ச அட்மிரல் அப்ப கம்மி. நவம்பர் 13 வெள்ளிக்கிழமை ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு மேல நடந்தத பாருங்க. அட்மிரல் அபே, ஹியே, கிரிஷிமான்னு ரெண்டு பேட்டில்ஷிப்போட ரன்வேய பொசுக்க வராரு. எதிர்ல அமெரிக்க அட்மிரல் காலஹன், 5 க்ரூசர் 8 டெஸ்ட்ராயர் ஒரே நீள வரிசையில. நல்ல ரேடார் இருந்த ஹெலினா க்ரூசர்ல அவரு ஏறல, சான் பிரான்சிஸ்கோங்கற க்ரூசர்ல இருந்தாரு. ஹெலினா எதிரிய ரொம்ப தூரத்துலயே பாத்து சொல்லியும் முடிவெடுக்க நேரமாகி ரெண்டு படையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்துடுச்சு, அப்புறம் யார் யாரு மேல சுடுறான்னே தெரியல. கூட வந்த அட்லாண்டா க்ரூசர் மேல சான் பிரான்சிஸ்கோவோட குண்டே விழுந்துச்சு. காலஹன், ஸ்காட் ரெண்டு அட்மிரலும் அந்த ராத்திரில செத்தாங்க. ஜூனோ க்ரூசர் அடிபட்டு திரும்பி போறப்ப நீர்மூழ்கி டார்பிடோ வாங்கி வெடிச்சுச்சு, அதுல சல்லிவன் குடும்பத்து அண்ணன் தம்பி அஞ்சு பேர், 687 பேர் செத்து 10 பேர் மட்டும் மிஞ்சினாங்க. ஆனா அபேயும் ரன்வே மேல ஒரு குண்டு போடாம திரும்பிட்டாரு. சுக்கான் அடிபட்டு நகர முடியாம நின்ன ஹியே விடிஞ்சதும் அதே ரன்வேல இருந்து கிளம்புன விமானத்துகிட்ட மாட்டி முங்குச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, 14 விடிஞ்சா 15, கிரிஷிமா திரும்ப வந்தப்ப எதிர்ல நின்னது அமெரிக்க அட்மிரல் வில்லிஸ் லீ. இந்த மனுஷன் ரேடார கரைச்சு குடிச்சவரு. கூட வந்த சவுத் டக்கோட்டா பேட்டில்ஷிப்ல கரண்டே போயிடுச்சு, ஜப்பான்காரங்க மொத்த பேரும் லைட்ட அது மேல போட்டு அடிச்சுக்கிட்டு இருக்க, லீ தன்னோட வாஷிங்டன் பேட்டில்ஷிப்ப இருட்டுல சத்தமில்லாம கிட்ட கொண்டு வந்து 8 கிலோமீட்டருக்கும் கம்மியான தூரத்துல 16 இன்ச் பீரங்கிய தொறந்தாரு. ஏழெட்டு நிமிஷத்துல கிரிஷிமா தீர்ந்துச்சு. அந்த 14ஆம் தேதி பகல்லதான் ஜப்பான் அட்மிரல் தனாகா 11 சரக்கு கப்பல்ல 38ஆவது டிவிஷன் ஆளுங்கள கொண்டு வந்தது, ஏழு வழியிலயே போச்சு, மிச்சம் நாலையும் கரையில மோதி நிறுத்தி இறக்குனாரு, கரை சேந்தது 2,000 பேர் மாதிரியும் 1,500 மூட்டை அரிசியும்தான். அதுக்கு மேல ஜப்பான் பெரிய கப்பல்ல ஆள் கொண்டு வர்ற முயற்சியையே விட்டுட்டாங்க.

ஆனா லீ மாதிரி எல்லாரும் இல்ல. நவம்பர் 30 தசஃபரோங்கா, ரேடார்ல மொதல்ல பாத்தது அமெரிக்கா, மொதல்ல சுட்டதும் அமெரிக்கா. தனாகாகிட்ட 8 டெஸ்ட்ராயர், அதுல ஆறுல டெக் முழுக்க அரிசி டிரம். அவங்க டார்பிடோ டைப் 93 ஆக்சிஜன்ல ஓடும், அரை டன் வெடிமருந்து, முழு வேகத்துல 20 கிலோமீட்டர் போகும், இவ்வளவு தூரம் போற டார்பிடோ உலகத்துல இருக்குன்னே அமெரிக்கக்காரங்களுக்கு அப்ப தெரியாது. பீரங்கி வெளிச்சத்த பாத்து குறி வச்சு விட்டாங்க, நார்தாம்ப்டன் முங்குச்சு, இன்னும் மூணு ஹெவி க்ரூசர் பலமா அடிபட்டு மாசக்கணக்குல ரிப்பேர். தனாகாவுக்கு ஒரு டெஸ்ட்ராயர் நஷ்டம். அபார வெற்றி, ஆனா அன்னைக்கு ஒரு டிரம் அரிசி கூட கரை சேரல. டிசம்பர் 3 திரும்ப வந்து 1,500 டிரம் கடல்ல போட்டாங்க, பசியில இருந்த ஆளுங்க இழுத்து கரை சேத்தது 310.

ஹவில்தார் ஐயா தரைக்கணக்கு சொன்னாரு, கடல் கணக்கு இன்னும் மோசம். அமெரிக்காவுக்கு தரை சண்டையில செத்தவங்க 1,600 பேர் மாதிரி, கப்பல்ல செத்தவங்க 5,000 கிட்ட. மெரைன் கதையாவே இத சொல்லி சொல்லி இந்த மாலுமிங்க கணக்குலயே வராம போயிட்டாங்க.

கணக்கு_வாத்தி:

சுய்காக்கு பாயிண்ட் நல்லா இருக்கு. ஆனா மிட்வே இல்லாம இது இல்லங்கறதுல இருந்து நான் இறங்க மாட்டேன் :) சரி, கடைசில அந்த தீவுல மிஞ்சுன 10,000 பேர ஜப்பான் எப்படி தூக்கிட்டு போச்சு? அத்தன விமானம் இருந்தும் அமெரிக்கா பாத்துக்கிட்டு இருந்துச்சா?

ரிட்டயர்டு_ஹவில்தார்:

பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க வாத்தியாரே, தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. டிசம்பர் 31 டோக்கியோல மன்னர் முன்னாடியே விட்டுட்டு வரதுன்னு முடிவாயிடுச்சு. ஜனவரில ரபாவுல் பக்கம் கப்பலும் விமானமும் குவியறத பாத்து இன்னொரு பெரிய தாக்குதல் வருதுன்னு அந்த பக்க அமெரிக்க படைக்கு தலைவரா இருந்த அட்மிரல் ஹால்சி நினைச்சாரு. பிப்ரவரி 1, 4, 7 மூணு ராத்திரி, ஒவ்வொரு தடவையும் 20 டெஸ்ட்ராயர் கிட்ட, மேற்கு முனைல எஸ்பரன்ஸ் பக்கம் வந்து மொத்தம் 10,600 பேருக்கு மேல ஏத்திக்கிட்டு போயிட்டாங்க. நடக்க முடியாதவங்கள விட்டுட்டு போனாங்க, கையில ஒரு கிரனேடோட. பின்வாங்கற வேலைய இவ்வளவு சுத்தமா செஞ்ச படை முன்னேறற வேலைய மட்டும் இச்சிகி மாதிரி செஞ்சதுதான் எனக்கு ஆறல. பிப்ரவரி 9 அமெரிக்க ஆர்மி ரெண்டு பக்கமா வந்து சந்திச்சப்ப கரையில வெறும் படகுதான் கிடந்துச்சு. ஜெனரல் பேட்ச் ஹால்சிக்கு தந்தி குடுத்தாரு, டோக்கியோ எக்ஸ்பிரஸுக்கு இனிமே குவாடல்கனால்ல கடைசி ஸ்டேஷன் கிடையாதுன்னு.

கப்பல்பித்தன்:

அதுல இன்னொரு விஷயம் ஐயா, ஆள் தூக்கறதுக்கு முன்னாடி ஜனவரி 29, 30ல ரென்னல் தீவு பக்கம் ஜப்பான் டார்பிடோ விமானம் சிகாகோ க்ரூசர முக்கிடுச்சு. சாவோ ராத்திரி மூக்குல டார்பிடோ வாங்கியும் பொழச்சு, ரிப்பேர் முடிஞ்சு அப்பதான் திரும்பி வந்த கப்பல். ஹால்சியோட கவனம் அந்த பக்கம் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்.